எக்ஸ்எம்எல் கோப்பை வைத்து இணையதளம்: உள்ளே நடப்பது என்ன?

சேலத்தில் சின்னதாக ஓர் இணையதளம் போட நினைக்கும் கடைக்காரருக்கு இரண்டு வகை யோசனை கிடைக்கும். "டேட்டாபேஸ் எல்லாம் எதுக்குங்க, எக்ஸ்எம்எல்ல போட்டா தானா வந்துடும்" என்பார் ஒருவர். "எக்ஸ்எம்எல்லா? அதெல்லாம் செத்துப் பல வருஷம் ஆச்சு" என்பார் அடுத்தவர். இரண்டுமே தப்பு.

எக்ஸ்எம்எல்லில் போட்டால் எதுவும் தானாக வராது. அது சாகவும் இல்லை. எக்செல் 2007-லிருந்து வழக்கமாகச் சேமிக்கப்படும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு ஒன்றை நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருப்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டியாக எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். உங்கள் கணக்குப்பிள்ளை தினமும் தட்டிக்கொண்டிருக்கும் டேலியும் சரக்குப் பட்டியலை எக்ஸ்எம்எல்லாக எடுத்துக் கொடுக்கும். கூகுளுக்குத் தளத்தின் பக்கங்களைச் சொல்லும் சைட்மேப் கோப்பும் இதே ஜாதிதான்.

அப்படியானால் எக்ஸ்எம்எல் என்பது என்ன, அதை வைத்து ஒரு தளம் எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் அது போதாமல் போகும்? புரோகிராமிங் தெரியாதவர்களும் பின்தொடரும்படி சொல்லப் பார்க்கிறேன்.

## சீட்டு ஒட்டிய பெட்டி

மாம்பழ சீசனில் சேலத்திலிருந்து வெளியூருக்கு பார்சல் போகும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சீட்டு: ரகம், எடை, அனுப்புபவர், பெறுபவர். பெரிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தால் அவற்றின் மேலும் தனித்தனிச் சீட்டு. பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சீட்டு பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றாது. சீட்டைப் படித்து, இது கோவை வண்டிக்கு, இது சென்னை வண்டிக்கு என்று பிரித்துப் போட லாரி ஆபீஸில் ஓர் ஆள் வேண்டும்.

எக்ஸ்எம்எல் அந்தச் சீட்டு மட்டும்தான். ஒவ்வொரு தகவலும் என்ன என்று பெயர் ஒட்டி எழுதிவைக்கும் ஒரு முறை. கூட்டிக் கழிக்காது, தேடாது, திரையில் காட்டாது. அதனால் அதைப் புரோகிராமிங் மொழி என்று சொல்வது சரியல்ல.

இந்த முறையை 1998 பிப்ரவரியில் டபிள்யூத்ரீசி என்ற இணையத் தரநிலை அமைப்பு வெளியிட்டது. இதற்கு முன்னோடி 1986-ல் சர்வதேசத் தரநிலையான எஸ்ஜிஎம்எல். அது எளிய வேலைகளுக்கு மிகவும் கனமாக இருந்தது. அதை இளைக்கவைத்து எடுத்ததுதான் எக்ஸ்எம்எல்.

இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல்லோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அந்தக் குழப்பத்தில் வியப்பில்லை. எச்டிஎம்எல்லில் பெயர்கள் முன்பே முடிவானவை: தலைப்பு, பத்தி, படம், இணைப்பு. ஒவ்வொன்றையும் எப்படிக் காட்டுவது என்று பிரவுசருக்குத் தெரியும். எக்ஸ்எம்எல்லில் பெயர்களை நீங்களே வைக்கிறீர்கள். அதனால்தான் அதை எப்படிக் காட்டுவது என்று பிரவுசருக்குத் தெரியாது.

## கோப்பு எப்படி இருக்கும்?

ஒரு மாம்பழக் கடையின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விலையெல்லாம் உதாரணத்துக்குப் போட்டது, யாரும் இதைக் காட்டி பேரம் பேச வேண்டாம்.

```
<மாம்பழங்கள்>
  <ரகம் குறி="1">
    <பெயர்>மல்கோவா</பெயர்>
    <விலை>180</விலை>
    <இருப்பு>உண்டு</இருப்பு>
  </ரகம்>
  <ரகம் குறி="2">
    <பெயர்>பெங்களூரா</பெயர்>
    <பெயர்>கிளிமூக்கு</பெயர்>
    <விலை>60</விலை>
    <இருப்பு>உண்டு</இருப்பு>
  </ரகம்>
  <ரகம் குறி="3">
    <பெயர்>இமாம்பசந்து</பெயர்>
    <விலை>220</விலை>
    <இருப்பு>இல்லை</இருப்பு>
    <குறிப்பு>அடுத்த வாரம் வரும்</குறிப்பு>
  </ரகம்>
</மாம்பழங்கள்>
```

கோண அடைப்புக்குள் இருக்கும் பெயர்தான் டேக். திறக்கும் டேக், மூடும் டேக், நடுவில் இருக்கும் சரக்கு எல்லாம் சேர்ந்தது எலிமெண்ட். திறக்கும் டேக்குக்குள்ளேயே எழுதும் சின்னக் குறிப்பு, இங்கே குறி="1" என்று இருப்பது, ஆட்ரிப்யூட். எல்லாவற்றையும் தனக்குள் அடக்கிய வெளி எலிமெண்ட், இங்கே மாம்பழங்கள், ரூட். ஒரு கோப்பில் ஒன்றுதான் இருக்கலாம்.

ஆம், டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். எக்ஸ்எம்எல் அதை முழுமையாக அனுமதிக்கிறது. வேலைக்கு எழுதும்போது நான் ஆங்கிலப் பெயர்களையே வைப்பேன், நாளை வேறொருவர் வந்து திருத்த வேண்டியிருக்கும் என்பதால். இன்னொரு காரணமும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பெங்களூராவுக்குக் கிளிமூக்கு என்றும் ஒரு பெயர் இருப்பதால் பெயர் என்ற எலிமெண்ட் இரண்டு முறை வருகிறது. இமாம்பசந்துக்கு மட்டும் ஒரு குறிப்பு இருக்கிறது. இதையே எக்செல்லில் போட்டால் இரண்டாம் பெயருக்கு ஒரு நெடுவரிசை, குறிப்புக்கு ஒரு நெடுவரிசை என்று போட்டு, பெரும்பாலான வரிசைகளில் அவற்றைக் காலியாக விட வேண்டியிருக்கும். எக்ஸ்எம்எல்லில் இருப்பதை எழுதினால் போதும், இல்லாததற்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று, சிலதில் கூடுதல், சிலதில் குறைவு என்று இருக்கும் தகவலுக்கு இது பொருத்தமான வடிவம்.

இதுவரை பார்த்தது: எக்ஸ்எம்எல் என்பது பெயர் ஒட்டிய தகவல். பெயர்கள் நம்முடையவை. கோப்பு தானாக எதுவும் செய்யாது.

## சமரசம் இல்லாத விதிகள்

எச்டிஎம்எல்லில் ஒரு டேக்கை மூட மறந்தால் பிரவுசர் பெருந்தன்மையாக ஊகித்துச் சமாளித்துவிடும். எக்ஸ்எம்எல்லில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு டேக் மூடாமல் இருந்தால் படிக்கும் புரோகிராம் பிழை சொல்லி நின்றுவிட வேண்டும் என்பது தரநிலையிலேயே இருக்கும் விதி. முப்பது ரகத்தில் ஒன்றில் பிழை என்றால் மீதி இருபத்தொன்பதும் பக்கத்தில் வராமல் போகலாம்.

திறந்த ஒவ்வொன்றையும் மூட வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். ஆட்ரிப்யூட்டின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். இந்த விதிகளுக்கு உட்பட்ட கோப்பை ஒழுங்கமைந்த கோப்பு என்பார்கள்.

அடிக்கடி காலை வாருவது & என்ற குறி. "அண்ணன் & தம்பி பழக்கடை" என்று அப்படியே எழுதினால் கோப்பு உடைந்துபோகும்; அந்தக் குறிக்கு எக்ஸ்எம்எல்லில் தனி வேலை இருக்கிறது. அதற்குப் பதில் &#38; என்று எழுத வேண்டும். அதேபோல் < என்ற குறியைச் சரக்குக்குள் எழுத &#60; வேண்டும். கடைப் பெயர்களில் & இல்லாத ஊர் எது? அதனால் இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் 'தோ' என்ற எழுத்தைத் த என்பதோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறிகளைத் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸ்எம்எல்லுக்கு அவை வேறு வேறு. தோட்டம் என்று திறந்த டேக்கை இன்னொரு கீபோர்டில் அடித்த தோட்டத்தால் மூடினால், "பொருந்தவில்லை" என்று பிழை வரும். நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. டேக் பெயரை ஆங்கிலத்தில் வைக்கச் சொல்வதற்கு அந்த இன்னொரு காரணம் இதுதான்.

பழைய டிடிபி கோப்பிலிருந்து ஒட்டும்போதும் கவனம் தேவை. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். கோப்பை யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமியுங்கள். வேறு எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்எம்எல் படிப்பவை இயல்பாக எதிர்பார்ப்பது அதைத்தான்.

## கோப்பிலிருந்து பக்கம் வரை

சென்னையில் ஒருவர் போனில் உங்கள் கடையின் முகவரியைத் தட்டுகிறார். அந்தக் கோரிக்கை சர்வருக்கு வருகிறது. சர்வர் என்பது தளத்தின் கோப்புகள் இருக்கும், எப்போதும் இணையத்தில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டர். அங்கே ஒரு சிறு புரோகிராம் காத்திருக்கிறது. பிஎச்பி, பைத்தான் என்று எந்தப் புரோகிராமிங் மொழியில் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். லாரி ஆபீஸ் ஆள் என்று சொன்னேனே, அவர் வேலையைச் செய்வது இந்தப் புரோகிராம்தான்.

அது முதலில் கோப்பைப் படிக்கிறது. டேக்குகளை அடையாளம் கண்டு எது எதற்குள் இருக்கிறது என்று பிரித்தறியும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, பெரும்பாலான மொழிகளில் தயாராகவே கிடைக்கும். பிஎச்பியில் சிம்பிள்எக்ஸ்எம்எல் என்ற வசதி 2004-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பார்சர் வேலை முடிந்ததும், அதுவரை வெறும் எழுத்து வரிசையாக இருந்த கோப்பு கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு கிளை அமைப்பாக நிற்கும். மேலே மாம்பழங்கள், அதன் கீழே மூன்று ரகங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர், விலை, இருப்பு. இதற்கு ட்ரீ என்று பெயர்.

அடுத்தது தேர்ந்தெடுப்பது. இதற்கு எக்ஸ்பாத் என்ற சின்னக் கேள்வி மொழி இருக்கிறது. இருப்பில் உள்ள ரகங்கள் மட்டும் வேண்டும் என்றால்:

```
//ரகம்[இருப்பு="உண்டு"]
```

எங்கே இருந்தாலும் சரி, ரகம் என்ற எலிமெண்ட்டுகளில், இருப்பு 'உண்டு' என்று இருப்பவற்றைக் கொடு என்று பொருள். நூறு ரூபாய்க்குக் குறைந்த ரகங்களின் பெயர்கள் வேண்டுமா?

```
//ரகம்[விலை < 100]/பெயர்
```

நம் கோப்பில் இதற்குக் கிடைக்கும் பதில் இரண்டு: பெங்களூரா, கிளிமூக்கு. ரகம் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. முதல் பெயர் மட்டும் போதும் என்றால் கடைசியில் பெயர்[1] என்று எழுத வேண்டும். கம்ப்யூட்டர் கேட்டதைத்தான் கொடுக்கும். நாம் நினைத்தது அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கமான வலை இருக்கிறது. யாரோ அவசரத்தில் உண்டு என்பதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விட்டுவிட்டார் என்று வையுங்கள். கோப்பு ஒழுங்கமைந்ததுதான், பார்சர் வாயே திறக்காது. ஆனால் "உண்டு" என்பதும் ஸ்பேஸோடு இருக்கும் "உண்டு " என்பதும் ஒன்றல்ல. மல்கோவா தளத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். கடைக்காரர் சாயங்காலம் வரை ஒரு போனும் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார். உடைந்த கோப்பைவிட இந்த வகைப் பிழைதான் எனக்குப் பயம். உடைந்தால் உடனே தெரிந்துவிடும். இதற்கு மருந்து ஸ்கீமா: எந்த எலிமெண்ட்டில் என்ன இருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் விதிப் பட்டியல். இருப்பு என்றால் உண்டு, இல்லை இரண்டில் ஒன்றுதான் என்று அதில் எழுதிவிட்டு, கோப்பை அதோடு சரிபார்த்துவிட்டு ஏற்றலாம்.

கடைசி வேலை அலங்காரம். தேர்ந்தெடுத்த ரகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் இங்கே, விலை அங்கே என்று காலியிடம் விட்டு வைத்திருக்கும் எச்டிஎம்எல் அச்சில் நிரப்புகிறது புரோகிராம். இந்த அச்சுக்கு டெம்ப்ளேட் என்று பெயர். நிரப்பிய பக்கம் சென்னைக்குப் போகிறது. அந்த வாடிக்கையாளரின் பிரவுசர் எக்ஸ்எம்எல்லைப் பார்ப்பதே இல்லை.

சுருக்கமாக: படி, பிரி, தேர்ந்தெடு, நிரப்பு. எக்ஸ்எம்எல் கோப்பின் பங்கு படிக்கக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் புரோகிராமின் உழைப்பு.

## இந்த வேலையை எங்கே, எப்போது செய்வது?

மேலே சொன்னது சர்வரில், ஒவ்வொருவர் வரும்போதும் செய்வது. வாடிக்கையாளரின் பிரவுசரிலேயே, அதற்குள் ஓடும் புரோகிராமிங் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் மூலம் கோப்பை வரவழைத்துப் பிரிப்பது இன்னொரு வழி. கற்றுக்கொள்பவர்கள் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், உடனே முட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தை ஃபோல்டரிலிருந்து நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தால், பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிரவுசர் அதே ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்க விடாது. நீங்கள் எழுதிய புரோகிராமில் தப்பில்லை. கம்ப்யூட்டரில் ஒரு சின்ன லோக்கல் சர்வர் ஓடவிட்டு அதன் வழியாகத் திறந்தால் சரியாகிவிடும்.

எக்ஸ்எஸ்எல்டி என்ற டெம்ப்ளேட் மொழியும் உண்டு, 1999-ல் வந்தது. எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லாக மாற்றவே பிறந்தது. பிரவுசர்களே இதைச் செய்யும் வசதி வெகுகாலமாக இருந்தாலும், குரோமிலிருந்து அதை எடுக்கப்போவதாக 2025-ல் அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பிரவுசரில் அதை நம்ப வேண்டாம். சர்வரில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது வழிதான் சின்னக் கடைகளுக்கு என் சிபாரிசு: முன்கூட்டியே செய்துவைப்பது. கோப்பு மாறும்போது மட்டும் புரோகிராமை ஒருமுறை ஓடவிட்டு, எல்லாப் பக்கங்களையும் எச்டிஎம்எல்லாக ஆக்கி ஏற்றிவிடுவது. வருபவர்களுக்குத் தயாராக இருக்கும் பக்கம் போகும். சர்வருக்கு வேலையே இல்லை, செலவும் குறைவு. எக்ஸ்எம்எல்லில் பிழை இருந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிடும். தளத்தில் நேற்றைய பட்டியல் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் இரண்டு வழிகளில் போகிறவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. சரக்கு ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு மலைப்பாதையில் போகும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் வைத்துப் புது விலைக் கோப்பை போனிலிருந்து ஏற்றுகிறீர்கள். பாதியில் சிக்னல் போய்விட்டது. சர்வரில் இப்போது இருப்பது பாதிக் கோப்பு, கடைசி டேக்குகள் மூடப்படவில்லை, தளம் வெள்ளையாக நிற்கும். அதனால் வேறு பெயரில் ஏற்றி, முழுதாக ஏறியது உறுதியான பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் நொடியில் நடப்பது, பாதியில் நிற்காது.

## எங்கே போதும், எங்கே போதாது?

ஒருவர் எழுதுகிறார், பலர் படிக்கிறார்கள் என்றால் எக்ஸ்எம்எல் தாராளமாகப் போதும். ரகப் பட்டியல், மெனு கார்டு, கோயில் விழா நிரல், பஸ் நேரம், நூலகத்தின் புத்தகப் பட்டியல் எல்லாம் இந்த வகை. சில நூறு பதிவுகள் என்றால் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நகல் எடுத்து வைப்பதும் சுலபம், ஒரே கோப்புதானே.

பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில்தான் சிக்கல். ஏற்காட்டில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள். அறைகளின் பெயர், படம், வசதி, வாடகை எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லில் வைக்கலாம், ஒரு குறையும் இல்லை. இப்போது முன்பதிவையும் அதிலேயே எழுதலாம் என்று தோன்றும். மே மாதம், கோடை விழா நேரம், ஒரே ஓர் அறைதான் மிச்சம். ஈரோட்டுக் குடும்பம் ஒன்றும் புதுச்சேரிக் குடும்பம் ஒன்றும் ஒரே நொடியில் பட்டனை அழுத்துகிறார்கள். புரோகிராம் இருவருக்காகவும் கோப்பைப் படிக்கிறது. இரண்டு முறையும் அறை காலி. முதலில் ஈரோட்டுப் பெயரை எழுதிச் சேமிக்கிறது. அப்புறம், தான் முன்பு படித்த பழைய நகலில் புதுச்சேரிப் பெயரை எழுதி, ஈரோட்டுப் பெயர் இருக்கும் கோப்பின் மேலேயே சேமிக்கிறது. ஈரோட்டுக்காரர் பதிவு தடயமே இல்லாமல் அழிந்துவிட்டது. அவர்களோ பெட்டியும் பிள்ளைகளுமாக மலையேறி வந்து நிற்பார்கள்.

டேட்டாபேஸ் என்பது இந்த இடத்துக்காகவே உருவான மென்பொருள். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும், எழுதும்போது கரண்ட் போனாலும் பாதி எழுதியதை விட்டுவைக்காது, லட்சம் பதிவில் ஒன்றைத் தேட முழுவதையும் படிக்காது. கோப்பைப் பூட்டிவைத்து எழுதுவது போன்ற வேலைகளை எக்ஸ்எம்எல்லோடும் செய்யலாம்தான். ஆனால் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் நீங்களே ஒரு மட்டமான டேட்டாபேஸை எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. தளத்தின் பொது ஃபோல்டரில் கோப்பை வைத்தால், முகவரி தெரிந்த எவரும் அதை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நீங்கள் காட்டாத எலிமெண்ட்டும் கோப்பில் இருந்தால் அவருக்குத் தெரியும். கொள்முதல் விலை, வாடிக்கையாளர் போன் நம்பர் போன்றவை அதில் இருக்கவே கூடாது.

## ஜேசன் என்று ஒன்று சொல்கிறார்களே?

ஜேசனும் பெயர் ஒட்டிய தகவல்தான், எழுத்து குறைவு. மூடும் டேக் கிடையாது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டோடு இயல்பாக ஒட்டிப்போகும். பிரவுசரில் ஓடும் தளம் புதிதாக எழுதினால் நானும் ஜேசன்தான் எடுப்பேன். பத்திக்குள் பத்தி, நடுவில் சாய்வெழுத்து, இடையில் இணைப்பு என்று எழுத்தும் குறியும் கலந்து வரும் தகவலுக்கு எக்ஸ்எம்எல் கை கொடுக்கும். ஜேசனில் அது திண்டாட்டம்.

பெரும்பாலான கடைகளில் இந்தத் தேர்வு நம் கையில் இருப்பதும் இல்லை. சரக்குப் பட்டியல் ஏற்கெனவே டேலியில் இருக்கிறது, அங்கிருந்து எக்ஸ்எம்எல்லாக வருகிறது என்றால் அதையே படிக்கும்படி புரோகிராமை எழுதுங்கள். அப்படி வரும் கோப்பில் உங்களுக்குத் தேவையில்லாத டேக்குகள் ஏராளமாக இருக்கும். எக்ஸ்பாத்தில் வேண்டியதை மட்டும் கேட்டால் போதும், மீதி பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் கோப்பை அப்படியே பொது ஃபோல்டரில் போட்டுவிடாதீர்கள், கொள்முதல் விலையும் அதிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.